காகம் கலைக்கும் பெட்டி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டிய ஆண், மனைவி வீட்டுக்குத்தான் போவான். நானும் ஒரு சூட்கேசும் ஒரு சோல்டரிங் அயனுமாகத் தன்னாமுனைக்கு வந்து சேர்ந்தவன். வந்த நாளிலிருந்து மாமியிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. மாமி லேசில் பெயர் கொடுக்கிறவர் அல்ல.

மாமி, வீட்டு வளவில் கருவாடு போடுகிறவர். காலையில் மீனைப் பிளந்து உப்புப் போட்டு வலைத் தட்டியில் பரப்பினால், பொழுதுபடும்வரை முருங்கையடியில் கம்போடு உட்கார்ந்திருப்பார். வாவிக்கரைக் காகங்களுக்குக் கூச்சம் என்பதே கிடையாது. கல்குடாவில் மாமியின் தங்கை கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்தார். "ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரலாமெண்டா இந்தச் சனியன்கள் விடுதுகளில்லையே" என்று மாமி கண் கலங்குவார். நான் காவல் இருக்கிறேன் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு மணலை மீன் முழுசாகப் பறந்துபோனது. அதோடு அந்த வேலையும் போனது.

போன மானத்தை மீட்கத்தான் காகம் கலைக்கும் பெட்டி ஒன்று செய்வதாக வாயை விட்டேன். ஏதாவது கிட்ட வந்தால் கீச்சென்று கத்தும். வெயிலிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பழுதான தோட்டத்து விளக்கின் சோலார் தகடு, பழைய போன் பேட்டரி, அசைவு பார்க்கும் கண் ஒன்று, சின்ன பஸர். பெட்டியை டவுனில் த்ரீ டி பிரிண்டர் வைத்திருந்தவரிடம் அச்சடித்தேன். அவரிடம் கறுப்புப் பிளாஸ்டிக் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"மழைக்குத் தாங்குமா?" என்று மட்டும் கேட்டேன். வெள்ளமும் புயலும் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன பயம் வரும்? தாங்கும் என்றார். நான் நம்பாமல் மூட்டெல்லாம் சிலிக்கன் பூசி அடைத்தேன். மேசை விரிப்பை அயனால் சுட்டதற்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஒரு விடுமுறை நாளில் தட்டிக்கு மேலே கம்பி கட்டிப் பெட்டியைத் தொங்கவிட்டேன். கோழிக்குக் கத்தியது. தென்னோலை அசைந்ததற்குக் கத்தியது. மீன் புரட்டப் போன மாமிக்கும் கத்தியது. காகம் ஒன்று வந்து பெட்டியின் மேலேயே குந்தியது. பெட்டியின் கண் கீழே பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்கு மட்டும் கத்தவில்லை.

"மறுகா நான் எப்பிடி மகன் கல்குடாக்குப் போறது?" என்று மாமி கம்பைத் திரும்ப எடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உச்சி வெயிலில் பஸர் நீளமாக முனகிவிட்டு நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கறுப்புப் பெட்டி இளகிச் சரிந்து, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரித் தொங்கியது. அடி பிளந்து இரண்டு வயர்கள் கால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெயிலில் வேலை செய்யவென்று செய்த பெட்டிக்கு வெயில் ஆகாது என்பது அப்போதுதான் விளங்கியது.

முருங்கையில் ஊர்க் காகமெல்லாம் கூடி, செத்த வீட்டில் போல ஒரே கூக்குரல். ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.

வெட்கம் தாங்காமல் பெட்டியை அவிழ்க்கக் கை நீட்டினேன்.

"கை வெச்சிராதீங்க!" என்றார் மாமி. கம்பைப் போட்டுவிட்டு உள்ளே போனவர், நல்ல சீலை உடுத்துக் குடையோடு வெளியே வந்து கல்குடா பஸ்ஸுக்கு நடந்தார்.

பொழுதுபடத் திரும்பி வந்து முதலில் தட்டியைத்தான் பார்த்தார். ஒரு மீனும் குறையவில்லை.

"தங்கச்சியும் கால் கட்டோட கருவாட்டுக்குக் காகம் கலைக்க ஏலாமத்தான் கிடக்காள். தனக்கும் இப்பிடி ஒண்டு வேணுமாம். செஞ்சு குடுங்க மகன்" என்றார்.

கல்யாணமாகி முதல் தடவையாக மாமி என்னிடம் ஒன்று கேட்கிறார். நெஞ்சு நிறைந்துவிட்டது. "நாளைக்கே செய்யிறன் மாமி" என்றேன்.

"ஓம். உள்ளுக்கு அந்த வயரெல்லாம் வேணாம்."