சீப்பு முடி என்றே எழுது

நிங்கவ்வா முடி பிரிக்க வந்து பதினான்கு வருஷம். அவள் பக்கத்தில் நான் உட்காரத் தொடங்கி ஒன்பது வருஷம். கர்நாடகத்தில் கொப்பள் ஊரை ஒட்டிய பாக்யநகரில் எங்கள் கொட்டகை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நாற்பது பெண்கள். ஒன்பது மணிக்குக் காலை நீட்டி உட்கார்ந்தால் மத்தியானம் ரொட்டிக்கு ஒருமுறை எழுந்திருப்போம், அப்புறம் சாயங்காலம்தான்.

எங்களிடம் வருவது யாரும் வெட்டிக் கொடுத்த முடி அல்ல. சீப்பில் உதிர்ந்தது. ஊர் ஊராகப் பெண்கள் தலைவாரும்போது கழன்று வருவதை விரலில் சுற்றிச் சுவர் இடுக்கில் செருகிவைப்பார்கள். பாத்திரக்காரி வந்தால் அதைக் கொடுத்து ஒரு கிண்ணமோ நாலு கொண்டை ஊசியோ வாங்கிக்கொள்வார்கள். அந்த உருண்டைகள் மூட்டையாகி எங்கள் மடியில் வந்து விழும். ஒரு உருண்டைக்குள் எத்தனை பேர் தலை இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசியால் சிக்கெடுத்து, நரையைத் தனியே பொறுக்கி, ஆணிப்பலகையில் இழுத்து, நீளம் பார்த்துச் சேர்த்து நூலால் கட்டுவோம். இரும ஆரம்பித்தால் நிற்காது. வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் மூக்குக்குள் அந்த வாடை இருக்கும்.

நிங்கவ்வாவுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் லாரியில் மூட்டை ஏற்றியவன், செத்துப்போய் ஆறு வருஷம். அதிகம் பேசமாட்டாள். கட்டிய கற்றையில் ஒரு நரை தெரிந்தால் போதும், நூலை அவிழ்த்து முழுவதையும் திரும்பப் பிரிப்பாள். "யாரு அக்கா இதைப் போய்ப் பார்க்கப் போறாங்க?" என்று கேட்டால், "நான் பார்த்துட்டேனே" என்பாள். அவ்வளவுதான் பதில்.

அந்த மாசி மாதம் சங்கரப்பா சாவுகார் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தார். முதலாளி தரையில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது கேட்காமலே ஆட்டோ அனுப்பியவர்.

"லண்டன்ல முடிக்கடை வெச்சிருக்கிற அம்மா வர்றாங்க. அங்கெல்லாம் இப்ப கேள்வி கேக்குறாங்களாம். இது யார் தலை முடி, அவ மனசார குடுத்தாளா, யாராச்சும் மிரட்டி வெட்டினாங்களான்னு. நம்ம சரக்கு மேல 'ஒரே தலை முடி, கோயில் முடி'ன்னு ஒட்டித்தான் போகுது. அதனால ஒரு முகம் வேணும். நிங்கவ்வா, உனக்குத்தான் லட்சணமான முகம். மூணு வருஷம் முன்னாடி சாமிக்குக் குடுத்தேன், திரும்ப வளர்ந்திருச்சுன்னு சொல்லு, போதும்."

நிங்கவ்வா கை வேலையை நிறுத்தவில்லை. "நான் குடுக்கலையே சாவுகாரே."

"தெரியும் தாயி. சொல்லத்தான் சொல்றேன்."

"சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லமாட்டேன்."

"சரி, சாமியை விடு. வறுமைக்குக் குடுத்தேன்னு சொல்லு."

"பதினாலு வருஷமா நான் என்ன குடுத்தேன்னு எனக்குத் தெரியும். கண்ணைக் குடுத்தேன், இடுப்பைக் குடுத்தேன். அதைச் சொல்லவா? சொல்றேன். முடி என்னோடது இல்லை."

சாவுகார் சிரித்து மழுப்பினார். பிறகு அவர் பார்வை மெல்ல என் தலைக்கு வந்தது. மகள் பிழைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். பிழைத்தாள். போன மாதம்தான் மலைக்கோயிலில் முடி இறக்கிவிட்டு வந்திருந்தேன்.

"மைலவ்வா! உனக்குப் பொய்யே இல்லையே!" என்றார் அவர், துள்ளாத குறையாக.

அது பொய்யே இல்லாதது மாதிரித்தான் எனக்கும் பட்டது. முடி கொடுத்தது நிஜம், மனசாரக் கொடுத்தது நிஜம். முடி கழுவும் பிரிவில் மகளுக்கு வேலை தருகிறேன் என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டேன். நிங்கவ்வா என்னை ஒரு முறை பார்த்தாள். அன்று ரொட்டிக்கு நான் சட்னி நீட்டியபோது வாங்கிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

லண்டன்காரி வந்த அன்று கொட்டகையைக் கழுவி விட்டிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் முதல் தடவையாக முகமூடி. அந்த அம்மா பெயர் ஃபோலா. அவளுடைய பெற்றோர் நைஜீரியாவிலிருந்து போனவர்கள் என்றார்கள். கறுப்பு நிறம், உயரம், இடுப்பு வரை பொடிப் பொடியாகப் பின்னிய சடை. அந்தச் சடையில் பாதி எங்களைப் போன்றவர்கள் பிரித்ததாக இருக்கும். நாங்கள் அதையே பார்த்தோம்; அவள் எங்கள் மடியைப் பார்த்தாள். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல பெங்களூரிலிருந்து ஷ்ருதி என்ற பெண்ணைச் சாவுகார் கூட்டி வந்திருந்தார். அவளே வீடியோவும் எடுத்தாள்.

என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். மகள், காய்ச்சல், வேண்டுதல். சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. ஃபோலாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"உங்க முடி எது, அதோட உங்களை ஒரு படம் எடுக்கணுமாம்" என்றாள் ஷ்ருதி.

சாவுகார் சட்டென்று அடுக்கிலிருந்து ஒரு கற்றையை எடுத்து என் கையில் வைத்தார். கறுப்பு, நல்ல நீளம். முந்தின நாள் நிங்கவ்வா கட்டியது. அவள் முடிச்சு எனக்குத் தெரியும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நிங்கவ்வா எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டு நேராக வந்தாள்.

"தாயி, அது இவ முடி இல்லை. சீப்பு முடி. நான் பிரிச்சுக் கட்டினது."

ஷ்ருதி சாவுகாரைப் பார்த்தாள். சாவுகார் கண்ணால் ஏதோ சொன்னார். ஷ்ருதி ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொன்னாள். ஃபோலா சிரித்துக்கொண்டே நிங்கவ்வாவின் கையையும் பிடித்துக் குலுக்கினாள்.

"நீ என்னம்மா சொன்னே?" என்று நிங்கவ்வா ஷ்ருதியிடம் கேட்டாள்.

"இவங்களும் இங்கதான் வேலை பார்க்குறாங்கன்னு..."

"நான் அதையா சொன்னேன்?"

"நிங்கவ்வா, போய் உட்காரு" என்றார் சாவுகார். குரல் தணிவாகத்தான் இருந்தது.

அவள் போகவில்லை. என் கையிலிருந்த கற்றையிலிருந்து ஏழெட்டு இழை உருவினாள். ஃபோலாவின் முகத்துக்கு நேரே நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாகத் தேய்த்தாள். ஒரே தலையில் வெட்டிய முடியென்றால் இழை எல்லாம் ஒரே பக்கம் நகரும், வேர்ப்பக்கமாக. சீப்பு முடியில் வேரும் நுனியும் மாறி மாறிக் கிடக்கும். அவள் விரலுக்குள் மூன்று இழை மேலே ஏறின, நான்கு கீழே இறங்கின. எங்கள் தொழிலில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. முடிக்கடைக்காரிக்குத் தெரியாதா? ஃபோலாவின் சிரிப்பு நின்றது. தானே நாலு இழை உருவித் தேய்த்தாள். இன்னொரு கற்றை கேட்டாள். அதையும் தேய்த்தாள்.

ஃபோலா என்னிடம் திரும்பி ஒரே கேள்வி கேட்டாள். ஷ்ருதி தலையைக் குனிந்துகொண்டு, இந்த முறை சரியாகவே சொன்னாள்: "அப்போ உங்க முடி எங்கேன்னு கேக்குறாங்க."

கற்றையைத் தரையில் வைத்தேன். "சாமிக்குக் குடுத்தேன். அங்க பெரிய பீப்பாயில போட்டாங்க. அப்புறம் ஏலத்துல விடுவாங்கன்னு சொல்லிக்கிறாங்க. யார் எடுத்தாங்களோ, எங்க போச்சோ. என்கிட்ட யாரும் கேக்கலை, சொல்லவும் இல்லை."

அதையும் ஃபோலா எழுதிக்கொண்டாள். பிறகு நிங்கவ்வா பக்கத்தில், அந்தத் தரையிலேயே உட்கார்ந்தாள். நல்ல உடுப்பு. மூட்டையைத் திறந்து காட்டச் சொன்னாள். நிங்கவ்வா ஒரு உருண்டையை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினாள். அதில் பொட்டு ஒட்டியிருந்தது, மல்லிகைக் காம்பு இருந்தது, ஈர் இருந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. முடிதிருத்தும் கடையிலிருந்து கூட்டி அள்ளி வருவதும் இதில் கலக்கும் என்றாள். கொடுக்கிற பெண்களுக்கு இது எங்கே போகிறது என்று தெரியுமா என்று கேட்டதற்கு, "பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கே வேலைக்கு வர்றவரை தெரியாது" என்றாள்.

அன்று சாயங்காலமே நிங்கவ்வாவுக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள். லண்டன் ஆர்டர் நின்றது. பத்து நாள் கொட்டகையே திறக்கவில்லை. குழாயடியில் அவள் குடத்தோடு வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"பெரிய அரிச்சந்திரி! எங்க வயித்துல மண்ணைப் போட்டுட்டா" என்றாள் ஒருத்தி அவள் காது கேட்க.

"நானும் அந்த வயித்தோடதான் நிக்கிறேன்" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நானும் அவளோடு பேசவில்லை. கோபம் என்று எல்லாரிடமும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது என்பதுதான் உண்மை.

வீட்டில் வைத்துப் பிரிக்க உருண்டை தரும் வியாபாரிகள் எங்கள் ஊரில் உண்டு. நிங்கவ்வா ஒவ்வொருவரிடமும் போனாள். "நான் பிரிச்ச கற்றையில சீப்பு முடின்னுதான் எழுதணும். கோயில், ஒரே தலைன்னு எதுவும் ஒட்டக்கூடாது" என்றாள். முதல் ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டாவது ஆள், பிரிக்கிறதோடு உன் வேலை முடிந்தது என்றான். மூன்றாவது ஆள் நாயை அவிழ்க்கவில்லை, அவ்வளவுதான். நாலாவது பரமண்ணா என்கிற சின்ன வியாபாரி. அவருக்கு ஆள் பஞ்சம். "எழுதித் தொலைக்கிறேன், சரக்கு சுத்தமா இருக்கணும்" என்றார்.

"நரை ஒண்ணு இருந்தா மூட்டையோட திருப்பி அனுப்புங்க" என்றாள் நிங்கவ்வா.

தன் வீட்டு முன் அறையில் தனியாக உட்கார்ந்தாள். தெருப்பக்கச் சுவரை இடித்து ஜன்னல் வைத்தாள், தூசி போக. மழைக்காலம் வருவதற்குள் நான்கு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து ஷ்ருதி ஒருநாள் பஸ் ஏறி வந்தாள். அன்று மாற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். சீப்பு முடியைச் சீப்பு முடி என்றே சொல்லி விற்கப் பார்க்கிறேன், கொஞ்சமாக அனுப்ப முடியுமா என்று ஃபோலா கேட்டதையும் சொன்னாள். பரமண்ணா மூலம் முதல் பெட்டி போனது. சின்னப் பெட்டிதான். சங்கரப்பா சாவுகாரின் லாரிகள் இன்றும் பழைய 'கோயில் முடி' சீட்டோடுதான் போகின்றன. வாங்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அதை மறைப்பானேன்.

ஆடியில் ஒருநாள் நான் அவள் வாசலில் போய் நின்றேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவளே, "வா, ஜன்னல் பக்கம் உட்காரு. உனக்கு இருமல் ஜாஸ்தி" என்றாள்.

"அக்கா, அன்னிக்கி நான்..."

"நரையைத் தனியா போடு மைலி. பேசிக்கிட்டே போட்டா கலந்துரும்."

இப்போது வியாழக்கிழமைகளில் நிங்கவ்வா பாத்திரக்காரி எல்லவ்வாவோடு ஊர்ப்பக்கம் போகிறாள். முடி வாங்குமுன் வீட்டுக்கு வீடு சொல்கிறாள்: இது பிரிந்து, கழுவி, கடல் தாண்டிப் போகும், வேறொரு பெண் தலையில் ஏறும், சம்மதமா என்று. போன வாரம் நானும் போயிருந்தேன். குஷ்டகி சாலையில் ஒரு சின்ன ஊர். ஒரு வீட்டில் பெண்கள் சிரித்தார்கள். "அப்ப ரெண்டு கிண்ணம் குடு" என்று கேட்டு வாங்கினார்கள். அடுத்த வீட்டில், கைக்குழந்தையோடு நின்ற பெண் பெரிய உருண்டையாகவே நீட்டினாள்; எல்லவ்வா அதை வாங்கிப் பையில் போட்டுவிட்டாள். நிங்கவ்வா சொன்னதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"எவ்வா, இன்னொருத்தி தலையிலயா? எனக்கு அது வேண்டாம்க்கா. மனசு ஒப்பலை."

எல்லவ்வா ஏற்கெனவே கிண்ணத்தை எடுத்துவிட்டாள். "குடுத்த முடியைத் திருப்பிக் கேக்குறியா? உன்கூட வந்தா எனக்கு மூட்டை ரொம்பாது நிங்கவ்வா!"

நிங்கவ்வா பைக்குள் கைவிட்டு அந்த உருண்டையைத் தேடி எடுத்தாள். ஒரு இழையும் விடாமல் சுற்றி அந்தப் பெண் கையில் வைத்தாள்.

"உன் முடி, உன் இஷ்டம் தாயி" என்றாள். பிறகு பையை இழுத்துக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.