மேட்டில் படுத்துக்கொள்ளும் கார்

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவளுக்குப் பெயர் ‘பிரேக் அக்கா’. பயிற்சிக் காரில் சொல்லித்தருகிறவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவளுடைய ராஜ்யமே அந்தப் பெடலில்தான் நடந்தது. ஊரில் பல சுற்றுச்சுவர்கள் இன்னும் நிற்பதற்கு அவள் கால்தான் காரணம்.

பள்ளியில் இரண்டு கார்கள்; ஒன்றில் முதலாளி சொல்லித்தந்தார், மற்றதில் அவள். தன் காரின்மேல் அவளுக்கு உயிர். காருக்கோ சில மாதங்களாக ஒரு வியாதி. கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஓட்டினால், பாலத்து மேட்டில் பாதி வழியில் சக்தியிழந்து படுத்துக்கொள்ளும். மெக்கானிக் தனியாக ஓட்டினால் துள்ளிக்கொண்டு ஏறும். அவர் பிளக்கை மாற்றினார், பெட்ரோல் பம்பை மாற்றினார், கடைசியில் பேச்சை மாற்றினார்.

“நாளைக்கு பழைய வண்டி உடைக்கிறவன் வர்றான்” என்றார் பள்ளி முதலாளி. “சும்மா கண்ணக் கசக்காதம்மா.”

“இஞ்சினுக்குன்னு உள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு சார். நடக்கிறதெல்லாம் அதுக்குத் தெரியும். கேட்டா சொல்லும்.”

“எங்க வீட்டுல கேக்காமலே சொல்ல ஆள் இருக்கு. சரி, இன்னிக்கு ஒரு நாள் கேட்டுப் பாரு.”

ஒரு கேபிளையும், லேப்டாப்பையும், லேப்டாப்போடு சேர்த்துக் கணவனையும் கொண்டுவந்தாள். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, அங்கிருந்த சாக்கெட்டில் கேபிளைச் செருகினாள். ‘இணைப்பு இல்லை’ என்றது திரை. கழற்றிச் செருகினாள். இல்லை. ஊதிச் செருகினாள். இல்லவே இல்லை.

பின்சீட்டிலிருந்து கணவன் மெதுவாகக் கேட்டான். “சாவியத் திருப்பினியா?”

திருப்பியிருக்கவில்லை. திருப்பியதும் எண்கள் திரையில் கொட்டத் தொடங்கின. இஞ்சினின் வேகம், சூடு, எந்தப் பெடல் எவ்வளவு அழுந்துகிறது என்பதுவரை. இத்தனை நாளும் ஊமை என்று நினைத்த பிள்ளை மூச்சுவிடாமல் பேசினால் எப்படி இருக்கும்? லேப்டாப்பைப் பின்சீட்டில் கணவன் மடியில் வைத்தாள்.

அன்றைக்குப் பாடம் சலூன்காரருக்கு. கத்தி பிடித்தால் நடுங்காத கை, ஸ்டியரிங் பிடித்தால் வேர்க்கும். மேடு வந்தது. “மிதிங்க, நல்லா மிதிங்க” என்றாள் அவள். மிதித்தார். கார் படுத்துக்கொண்டது. கீழே இறக்கி ஓரமாக நிறுத்தினார்கள்.

கணவன் பதிவான கோடுகளைப் பெரிதாக்கினான். “ஆக்ஸிலேட்டர் கோடு மேல போகுது. அதே நேரத்துல பிரேக்கும் அழுந்தியிருக்கு. ரெண்டும் சேந்து அழுந்தினா இந்த வண்டி இஞ்சின அடக்கிடும், பாதுகாப்புக்காக. அண்ணே, பிரேக்க மிதிச்சீங்களா?”

“ஒரு காலு கிளட்சுல, ஒரு காலு ஆக்ஸிலேட்டர்ல. பிரேக்குக்கு நான் யார் காலக் கடன் வாங்குறது தம்பி?”

மூவரும் குனிந்து பார்த்தார்கள். அவளுடைய வலது கால் அவள் பக்கத்துப் பெடலில், பூனை மடியில் படுத்ததுபோல், சுகமாகக் கிடந்தது. அங்கே தொட்டால் ஓட்டுகிறவர் பக்கத்துப் பிரேக்கும் கூடவே அசையும்.

“முதலாளிகிட்ட சென்சார் கோளாறுன்னு சொல்லிடலாமா?” என்றான் கணவன், தாம்பத்தியத்தை மனதில் வைத்து.

“சென்சார மாத்திடுவாங்க. என் கால யாரு மாத்துவா?” செருப்பைக் கழற்றினாள். காலைப் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, முழங்காலை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “எடுங்கண்ணே வண்டிய.”

கார் ஏறியது. சலூன்காரர் பயத்தில் பாலத்தின் உச்சியைத் தாண்டியும் மிதித்துக்கொண்டே இருந்தார். “போதும்ணே, போதும்” என்று சிரித்தாள். பிரேக் கோடு திரையின் அடியில் அசையாமல் கிடந்தது.

இரண்டு பதிவுகளையும் முதலாளியின் மேசையில் வைத்து, “முதல்ல இருக்கிறது என் கால் சார்” என்றாள்.

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுப் போனை எடுத்தார். “நாளைக்கு வராதப்பா. வண்டி நல்லாத்தான் இருக்கு. எங்க டீச்சரத்தான் சர்வீஸுக்கு விடணும்.”

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கேபிளைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அந்த இன்னொரு கார் சாவியக் குடுங்க சார். அதுல நீங்கதான சொல்லித்தர்றீங்க?”