மாமா தேங்காய் உடைத்த தீவு

நான் பெரியபிள்ளையானதும் எனக்குச் சாமத்தியவீடு செய்ய நாள் பார்த்தபோது அம்மா ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றார். பாலில் தோய்த்த அறுகம்புல்லால் என் தலையில் முதலில் பாலறுகு வைப்பது தாய்மாமனாகத்தான் இருக்க வேண்டும். அம்மாவுக்கு இருந்ததோ ஒரே தம்பி. அந்தத் தம்பி இருந்ததோ வடதுருவத்துக்குக் கிட்ட, சுவால்பார்ட் தீவில்.

மாமாவின் அகதி விண்ணப்பத்தை ஒஸ்லோவில் மறுத்ததும் அவர் அங்கே போய்விட்டார். சுவால்பார்டும் நோர்வேதான், ஆனால் அங்கே இருக்க விசா தேவையில்லை, திரும்பி ஒஸ்லோவில் கால்வைக்கத்தான் தேவை. இந்த விசித்திரத்தை எனக்கு யாரும் விளக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளியில் ஆசிரியை சொன்னதுதான். ஆட்கள் குடியிருந்தால்தான் அந்தத் தீவு நாட்டின் கையில் நிற்குமாம். அதற்காக அரசாங்கம் ஆண்டுதோறும் பணத்தை அள்ளிக் கொடுக்கிறதாம். நாங்கள் ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில், சின்ன வாடகை வீட்டில் ஒடுங்கிக் கிடக்க, மாமாவுக்காக அரசாங்கமே ஒரு ஊரை நடத்துகிறது! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவன் வரேலாதெண்டால் நாங்கள் போவம்," என்றார் அப்பா.

அறுகம்புல்லை ஈரத்துணியில் சுற்றி, தேங்காயைக் கம்பளிக் காலுறைக்குள் திணித்து, பட்டுச்சேலைக்கு மேல் குளிர்க்கோட்டும் போட்டு அம்மா விமானம் ஏறினார்.

மாமா அங்கே ஒரு விடுதியில் சமையல்காரர். அவருடைய அறையில் கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு, என்னைக் கிழக்கே பார்க்க இருத்தினார்கள். அந்த மாதத்தில் அங்கே சூரியனே எழும்பாது. கிழக்கு எந்தப் பக்கம் என்று அப்பா கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தார். மாமா பாலறுகைத் தாராளமாக வைத்தார். பால் என் மூக்கில் வழிந்தது. பிறகு வாசலில் தேங்காயை ஓங்கி அடித்தார். அது உடையாமல் பனிக்குள் புதைந்துபோனது. நாலு பேரும் பனிக்குள் கையை விட்டுத் துழாவிச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றைக்கும் ஏங்குகிறேன்.

மூன்றாம் நாள் விமான நிலையத்தில், கடவுச்சீட்டு பார்க்கும் இடத்துக்கு முன்னால் மாமா நின்றுவிட்டார். அம்மா அவருடைய கையை விடாமல் அழுதார். அம்மாவைத் தேற்ற வேண்டியது என் பொறுப்பு என்று எனக்குத் தோன்றியது.

"அழாதேங்கோ அம்மா. மாமா எங்களோட வந்திட்டால் இந்தத் தீவை ஆர் பாக்கிறது? அவர் இஞ்சை இருக்கோணுமெண்டுதானே அரசாங்கம் இவ்வளவு காசு குடுக்குது!"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "ஓம் பிள்ளை, நான் வெளிக்கிட்டால் தீவு கைவிட்டுப் போயிடும்."

வேலை போனால் அங்கே உதவிப்பணம் கிடையாது, ஆளைத் தப்பி வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதோ, அரசாங்கம் விடாமல் வைத்திருக்க நினைத்தது தீவைத்தான், மாமாவை அல்ல என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. மாமா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் சொன்னது அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எண்ணியபடி விமானம் ஏறினேன்.