கலங்கிய படங்களை அழித்தேன்

குழந்தையைப் படமெடுக்க கேமரா தேடும் அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

மகள் நிலா ஓரிடத்தில் நிற்கமாட்டாள். போனில் படம் கலங்குகிறதே என்று மூன்று வாரம் அலசி, ஒனிஹங்கா கடைத்தெருவில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினேன். அதிலும் அவள் ஓடும்போது எடுத்தவை கலங்கின. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டுகூடக் கோடாக இழுபட்டிருக்கும். அவற்றை அன்றன்றே அழித்துவிடுவேன்.

"ஓடுறப்பதாங்க அவ சிரிக்கிறா. ஏன் அழிக்கிறீங்க?" என்பாள் மனைவி.

"தெளிவா இருக்கிறது மட்டும் போதும்மா."

மூன்று வயது முடியும் முன்பே ஒரு காய்ச்சல் நிலாவைக் கொண்டுபோய்விட்டது.

கேமராவில் தெளிவான படங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் என் அதட்டலுக்குப் பயந்து அசையாமல் நின்றாள். ஒன்றிலும் சிரிப்பில்லை. ஒருமுறை அவள் ஓடிச் சிரித்த படத்தை நான் அழிப்பதற்குள், மனைவி கேமரா திரையைத் தன் போனில் படமெடுத்துச் சென்னையிலுள்ள தன் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறாள். கலங்கிய அந்த ஒரு படத்தைத்தான் கிளென் ஈடனில் உள்ள எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம்.

இப்போது, நிலாவுக்குப் பிறகு பிறந்த மகன் ஓடுகிறான். 'நில்லு' என்று நான் சொல்வதில்லை. எந்தப் படத்தையும் அழிப்பதில்லை. அவன் கன்னத்துப் பொட்டு கோடாக இழுபட்டிருந்தால், அந்தப் படத்தைத்தான் மனைவியிடம் முதலில் காட்டுகிறேன்.