வக்கீல் பஞ்சாட்சரம் கேட்க மறுத்த கதை

ஆம்பூர் பஜாரில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் பஞ்சாட்சரம் சாரின் அலுவலகம். மதியத்துக்கு முன்பே கீழே தம் உடைப்பார்கள். அந்த வாசனை மாடியேறி வந்ததும் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிடுவார்கள். சாருக்கு அது வசதி. கட்சிக்காரர்கள் பேசுவது அவருக்குப் பிடிக்காது.

கலவை என்கிற ஊரிலிருந்து வந்து இங்கே கிரிமினல் வக்கீலாக நிலைத்தவர். அடிதடி, திருட்டு, லாரி மோதல் எல்லாவற்றுக்கும் ஆஜராவார். ஒரே ஒரு நிபந்தனைதான்.

"நீ செஞ்சியா இல்லையான்னு நான் கேக்க மாட்டேன். நீயும் சொல்லாத. போலீஸ் என்ன எழுதியிருக்கான், அத எப்படி உடைக்கறது. அதோட என் வேல முடிஞ்சுது."

இதற்கு ஒரு முன்கதை உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சைக்கிள் திருட்டு வழக்கு. கோர்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கட்சிக்காரன், "அந்த சைக்கிள் இன்னா சூப்பரா ஓடுச்சு தெரியுமா சார்" என்று மனம்விட்டுச் சொல்லிவிட்டான். தன் கட்சிக்காரருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது என்று வாதாட வேண்டிய இடத்தில் சாருக்கு இருமல் வந்தது. நிற்கவே இல்லை. மாஜிஸ்ட்ரேட்டே தண்ணீர் கொடுத்து வாய்தாவும் கொடுத்து அனுப்பினார்.

கல்யாண வீடுகளில் யாராவது பந்தியில் கேட்பார்கள். "திருடனுக்கெல்லாம் எப்படி சார் ஆஜராகறீங்க?"

"அவன் திருடன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்பார் சார். "எனக்குக்கூட அவன் சொல்லலையே!"

இப்படிப்பட்டவரிடம்தான் உமர் ஃபாரூக் வந்து சேர்ந்தார். ஏற்றுமதி ஷூ ஃபேக்டரியில் சாம்பிள் ரூமில் தையல் வேலை. ஒரு சாயங்காலம் ஷூ மூட்டையோடு வெளியே வந்தவரை கேட்டில் செக்யூரிட்டி பிடித்துவிட்டார். திருட்டுக் கேஸ். ஜாமீனில் வெளியே வந்தார், ஆனால் சஸ்பெண்ட். ஆம்பூரில் ஒரு கேட்டில் பெயர் கெட்டால் வாணியம்பாடி வரைக்கும் எல்லா கேட்டிலும் கெட்ட மாதிரி. தண்டனை என்று ஒன்று வந்துவிட்டால், ஷூவைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்த மனிதரை எந்த ஃபேக்டரியும் உள்ளே விடாது.

அவருக்கோ பேசியே ஆக வேண்டும்.

"வக்கீல் சாப், அந்த மூட்டையில இன்னா இருந்துச்சுன்னா..."

சார் கையைத் தூக்கினார். பஸ்ஸை நிறுத்துகிற கை. "பாய், டீ சாப்பிடறீங்களா?"

"டீ கெடக்குது சாப். அதுல இருந்தது எல்லாமே..."

"சக்கர கம்மியா, ஜாஸ்தியா?"

அடுத்த முறை அவர் வாயைத் திறந்ததும் சார் அணைந்திருந்த போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவரிடம் வெகுநேரம் பேசினார். அதற்கடுத்த முறை ஜூனியரான என்னிடமாவது சொல்லலாம் என்று பாய் என் பக்கம் திரும்பினார். "அவன் காதும் என் காதும் ஒண்ணுதான்" என்று சார் அங்கேயும் கையை நீட்டிவிட்டார்.

பிறகு பாயின் மனைவி ஜஹீதா வந்தார், கையில் ஒரு கட்டுப் புதினாவோடு.

"சார், எங்க வூட்டு மாடிக்கு ஒருதரம் வந்து பாருங்க. பாத்தா உங்களுக்கே புரிஞ்சிடும்."

"அம்மா, மாடியப் பத்தி இன்னொரு வார்த்த சொன்னீங்கன்னா நான் கேஸ விட்டுடுவேன்."

அவர் போன பிறகு சார் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மாடியில பதுக்கி வெச்சிருக்காங்கப்பா. அத என்னையே கூப்பிட்டுக் காட்டறாங்க. இன்னா வெள்ளந்தியான ஜனம்!"

புதினாவை வீட்டுக்கு எடுத்துப் போனார். துவையல் அருமை என்று மறுநாள் சொன்னார்.

விசாரணை நடந்தது. அரக்கு வைத்த மூட்டை கோர்ட் மேஜைக்குப் பக்கத்தில், கூப்பிட்டும் பேசாத சாட்சி மாதிரி உட்கார்ந்திருந்தது. பிடித்த செக்யூரிட்டி அருணகிரி மாஜிஸ்ட்ரேட் அம்மாவிடம், "இதே மூட்டதாங்கம்மா" என்று மேலாகப் பார்த்தே அடையாளம் காட்டினார். பிரித்தால் திரும்பக் கட்டி அரக்கு வைக்கிற வேலை இருப்பதால் யாருக்கும் அதைப் பிரிக்க மனம் வரவில்லை. சாரும் மூட்டைப் பக்கமே போகாமல் கேட்டில் எரிந்த விளக்கு மஞ்சளா வெள்ளையா என்றே அருணகிரியை வறுத்தெடுத்தார்.

அடுத்து, குற்றம் சாட்டப்பட்டவரை மாஜிஸ்ட்ரேட் நேரடியாகக் கேள்வி கேட்கும் கட்டம். வராந்தாவில் சார் பாய்க்குப் பாடம் எடுத்தார். "அம்மா இன்னா கேட்டாலும் பொய்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த வரக் கூடாது."

பாய் கூண்டில் ஏறினார்.

"உங்க பேர் உமர் ஃபாரூக்தானே?"

"பொய்ங்கம்மா."

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஷூ ஃபேக்டரியில வேல பாத்தீங்களா?"

"பொய்ங்கம்மா."

"இவர்தானே உங்க வக்கீல்?"

பாய் சாரைப் பார்த்தார். சார் மின்விசிறியைப் பார்த்தார்.

"பொய்ங்கம்மா."

அரசு வக்கீல் சிரிப்பை மறைக்க ஃபைலுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் அம்மா பேனாவை மூடினார். "அப்போ நீங்க யாரு? அங்க ஏறி எதுக்கு நிக்கறீங்க?"

அவ்வளவுதான், பாய் உடைந்துவிட்டார்.

"அதத்தாம்மா மாசக் கணக்கா சொல்ல வர்றேன்! வக்கீல் சாப் டீ வாங்கிக் கொடுக்கறாரே தவிர பேச விடமாட்டேங்கறாரு. பேஜாராயிடுச்சும்மா. அந்த மூட்டையப் பிரிச்சுப் பாருங்க!"

சாரின் கை பழக்கத்தில் மேலே போனது. ஆனால் கோர்ட்டுக்குள் டீ வரவழைக்க முடியாதே.

மூட்டையைப் பிரித்துக் கொட்டினார்கள். கறுப்பு, தேன் நிறம், சிவப்பு என்று விதவிதமான ஷூக்கள். எல்லாமே இடது கால். ஒன்றுக்குக்கூட ஜோடி இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஓட்டை. மாஜிஸ்ட்ரேட் ஒன்றை எடுத்து அந்த ஓட்டை வழியாக அரசு வக்கீலைப் பார்த்தார். அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"சாம்பிள்மா," என்றார் பாய். "வெளிநாட்டுக்காரனுக்கு மாடல் காட்ட ஒத்தக் கால்தான் தைப்போம். யாரும் விக்க முடியாதபடி அடியில ஓட்ட போட்டுடுவோம். வேணாம்னு ஒதுக்கினது குப்பைக்குப் போகும். எங்க மேனேஜர் சீனிவாசன் சார்தான் எடுத்துட்டுப் போய்யான்னாரு. மறுநாளே அவர ராணிப்பேட்டை யூனிட்டுக்கு மாத்திட்டாங்க. மாடியில இதுல மண்ணு போட்டு புதினா வெக்கறோம், மொளகா வெக்கறோம். ஓட்ட இருக்கறதால தண்ணி நிக்காது. ஸ்டேஷன்லயும் சொன்னேன், யாரும் நம்பல."

எல்லோரும் அருணகிரியைப் பார்த்தார்கள்.

"நான் கேட்டுக்குப் புதுசும்மா. மூட்டையப் பாத்தா புடிக்கச் சொன்னாங்க. பிரிச்சுப் பாக்கச் சொல்லல."

சார் கம்பீரமாக எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "மேடம், இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே..."

அங்கே அவருக்கு இருமல் வந்தது. அதே பழைய இருமல். வாய்தா.

அடுத்த வாய்தாவில் சீனிவாசன் வந்து கூண்டில் ஏறி, ஆமாம், நான்தான் கொடுத்தேன் என்றார். "இத்தன நாளா ஏன் வரல?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். "போன் பண்ணேங்கம்மா. வக்கீல் சார், டீ சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு வெச்சிட்டாரு" என்றார் சீனிவாசன்.

உமர் ஃபாரூக் விடுதலை ஆனார். அதே சாம்பிள் ரூமில், அதே மிஷினுக்குத் திரும்பப் போனார். முதல் ஞாயிற்றுக்கிழமை பாயும் ஜஹீதாவும் மாடியேறி வந்து சாரின் மேஜைமேல் ஒரு தேன் நிற ஷூவை வைத்தார்கள். இடது கால். கணுக்கால் உயரத்துக்குப் புதினா வளர்ந்திருந்தது. லேஸைக்கூட ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள்.

"தண்ணி ஜாஸ்தி ஊத்தாதீங்க சாப்."

அன்று முழுக்க சார் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டப் புத்தகங்களை நகர்த்தி அதற்கு வெயில் படும் இடம் கொடுத்தார். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ காது கொடுத்திருந்தா மொத வாய்தாவுலயே முடிஞ்சிருக்கும் இல்லப்பா?" என்றார். நான் புதினாவுக்கு ஒரு மூடி தண்ணீர் ஊற்றினேன். ஆமாம் என்று சொல்ல எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

மறுநாள் பூவரசன் என்று ஒரு லாரி கிளீனர் வந்தான். நிறுத்தியிருந்த லாரியிலிருந்து பேட்டரி காணாமல் போன கேஸ்.

"சார், நான் உண்மைய சொல்லிடறேன்..."

சாரின் கை எழுந்தது. பாதி தூரத்தில் ஷூவைப் பார்த்தது. நின்றது. மெல்லக் கீழே இறங்கி மேஜைமேல் அமர்ந்தது.

"சொல்லுப்பா."

"நெஜமாவா சார்? எல்லா வக்கீலும் வேணாம்பாங்களே."

"அவங்கள வுடு. நான் கேக்கறேன். எதையும் மறைக்காம முழுசா சொல்லு."

பூவரசனின் கண் கலங்கிவிட்டது. "தங்கமான மனுசன் சார் நீங்க," என்றான். "பேட்டரிய நான்தான் சார் எடுத்தேன்."

கீழே தம் உடைக்கிற சத்தம் கேட்டது. சார் ஒரு தடவை இருமினார். இன்னொரு தடவை. பிறகு அது நிற்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, புதினாவை ஒரு முறை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீ சொல்லுப்பா," என்றார் இருமலுக்கு நடுவே. "மூணு."