கங்கம்மா திருத்திய வரி

எண்பதுகளில் வண்டலூருக்கு மேற்கே வயல்களெல்லாம் பிளாட்டுகளாக மாறியபோது, அங்கே வீடு கட்டி வந்தவர்களுக்கு முதலில் தெரியவேண்டியிருந்தது கங்கம்மாவின் குடிசை எந்தப் பக்கம் என்பதுதான். சமையலறையில் பாம்பு என்றால் ஓடிவந்து அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஏரிக்கரையில் இருந்த பன்னிரண்டு இருளர் குடிசைகளில் அவளுடையதும் ஒன்று. அவள் வந்து அடுப்பு மேடைக்கு அடியில் கைவிட்டு, நல்லபாம்பை வெளியே எடுத்து, கோணிக்குள் போட்டு முடிந்துகொண்டு, “ஒண்ணும் பயப்படாதீங்க, அது உங்களப் பாத்து பயந்துகினு கீது” என்று சொல்லிவிட்டுப் போவாள். புருஷன் குப்பனும் பாம்பு பிடிப்பவன்தான். ஆனால் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் அவளைத்தான் தேடினார்கள்.

அப்படி அவளைத் தேடிப் போனவர்களில் ஒருத்தி சுந்தரவல்லி. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அறிவொளி வகுப்புகள் நடந்த காலத்தில் கங்கம்மாவை உட்கார்த்தி எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். நாலைந்து வருஷத்துக்குப் பிறகு, 1996-இல் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அந்த வார்டு பெண்களுக்கு என்று அறிவித்தார்கள். “நீ நில்லு கங்கம்மா. எல்லார் வீட்டு சமையலறை வரைக்கும் போய்வந்தவ இந்த ஏரியாவுல நீ ஒருத்திதான்” என்றாள் சுந்தரவல்லி. கங்கம்மா நின்றாள். ஜெயித்தாள். அந்தப் பஞ்சாயத்தில் இருளர் ஒருவர் உறுப்பினரானது அதுதான் முதல் தடவை. முதல் கூட்டத்தில் அவள் வாசற்படி ஓரமாக நின்றதைப் பார்த்துத் தலைவர் ஜெயவேலுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

மறுவருஷம் சுதந்திரப் பொன்விழா. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஊர் வரலாறு எழுதிய பலகை ஒன்றை மாட்டுவது என்று முடிவாயிற்று. எழுதும் பொறுப்பு கிளார்க் லக்ஷ்மிநாராயணனுக்கு. அவர் பழைய புத்தகங்களைப் புரட்டி இரண்டு பக்கம் எழுதி, கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு நகல் கொடுத்தார்.

மற்றவர்கள் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். கங்கம்மா விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

“சார், ‘மனித நடமாட்டமற்ற காடு’ன்னு எழுதிக்கீறீங்க. எங்க ஆளுங்க அப்ப இன்னா, மனுசங்க இல்லியா?”

லக்ஷ்மிநாராயணன் தடுமாறினார். “புஸ்தகத்துல அப்படித்தாம்மா இருக்கு.”

“புஸ்தகம் யார் எழுதுனது?”

“வெள்ளைக்காரங்க காலத்து புஸ்தகம்.”

“அவங்கதான் சார் எங்கள ஏரிக்கு மேல கீற மலையிலேர்ந்து தொரத்துனது. ரிசர்வ் காடுன்னு கல்லு நட்டு, குடிசைங்களக் கொளுத்துனாங்க. எங்கப்பன், அவனுக்கு அப்பன், எல்லாரும் சொல்லிகினு வந்த கதை. தொரத்துனவன் ஆளே இல்லன்னுதான எழுதுவான்?”

ஜெயவேலு குறுக்கிட்டார். “இதையெல்லாம் போர்டுல எழுதினா நாளைக்கு நிலத்துக்குப் பட்டா கேப்பீங்க.”

“அதுக்குத் தனியா மனு குடுத்தாச்சு சார். இது வேற. எங்க புள்ளைங்களுக்கு ஜாதி சர்டிபிகேட் கேட்டா, இங்கதான் இருந்தீங்கன்றதுக்கு இன்னா ஆதாரம்னு கேக்குறாங்க. நம்ம ஆபீஸ் செவுத்துலயே ஆளில்லன்னு எழுதிட்டா நான் எங்க போவேன்?”

பலகையை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

லக்ஷ்மிநாராயணனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தானாகவே ஏரிக்கரைக்கு வந்து, “மலையில உங்க ஆளுங்க இருந்த இடத்தைக் காட்டறீங்களா?” என்று கேட்டார். கங்கம்மா முன்னால் நடந்தாள். முட்புதரை விலக்கிக்கொண்டு அரை மணி நேரம் ஏறியதும் ஒரு சமமான பாறை வந்தது. அதில் வரிசையாக ஒன்பது குழிகள். தானியம் இடித்து இடித்து விழுந்த குழிகள். பக்கத்தில் அவர்கள் குலதெய்வம் கன்னியம்மாவுக்கு நட்ட ஏழு கற்கள், மஞ்சள் காயாமல் இருந்தன. அவற்றுக்கு நடுவில், நம்பர் வெட்டிய எல்லைக் கல் ஒன்று நின்றது.

லக்ஷ்மிநாராயணன் குந்தி உட்கார்ந்து ஒரு குழிக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே வழவழவென்று இருந்தது.

“இத்தனை வழவழப்பு வர எத்தனை வருஷம் இடிச்சிருக்கணும்” என்றார்.

“அது எனக்கு எப்டி சார் தெரியும்? நான் ரேஷன் அரிசி துன்னு வளந்தவ” என்றாள் கங்கம்மா. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் அவர் புது வரியைப் படித்தார்: “இக்குன்றில் இருளர் மக்கள் வாழ்ந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் காடு ஒதுக்கப்பட்டபோது அவர்கள் வெளியேற்றப்பட்டனர்.”

ஜெயவேலு தாடையைத் தடவினார். “சரி, நடந்தது நடந்ததுதானே. எங்க தாத்தா இங்க வந்தப்போ தண்ணி இருக்கற இடத்தைக் காட்டினதே இவங்க ஆளுங்கதான்னு எங்க வீட்லயும் சொல்லுவாங்க. எழுதிடுங்க. உங்களுக்கு சரியாம்மா?”

“சரியில்ல சார்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“‘வாழ்ந்தனர்’னு போட்டா செத்துப் போய்ட்ட மாதிரி கீது. நான்தான் இங்க சேர்ல குந்திகினு கீறேனே.”

ஜெயவேலுவே முதலில் சிரித்தார். லக்ஷ்மிநாராயணன் பேனாவை எடுத்து, ‘வெளியேற்றப்பட்டனர்’ என்று முடியும் வரிக்குப் பின்னால் “இன்றும் ஏரிக்கரையில் வாழ்ந்து வருகின்றனர்” என்று சேர்த்தார். ஏழு உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டார்கள். கங்கம்மா தன் பெயரை நிதானமாக, ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதினாள்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடியேற்றி மிட்டாய் கொடுத்தபின் பலகையை மாட்டினார்கள். பன்னிரண்டு குடிசைக்காரர்களும் வந்திருந்தார்கள். சுந்தரவல்லி படிக்க முன்வந்தாள். கங்கம்மா அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். ஒரு இடத்தில் திக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். யாருக்கும் அவசரமில்லை.

கூட்டம் கலைந்தபின் குப்பன் பலகைக்கு அருகில் வந்து, “நம்ம பேரு எங்க போட்டுக்கீது?” என்று கேட்டான். அவள் விரல் வைத்துக் காட்டினாள். அவன் ‘இருளர்’ என்ற அந்த நாலெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நீ பாத்துகினு இரு. உள்ள மீட்டிங் கீது” என்று அவள் ஆபீசுக்குள் போனாள். அன்று தெருவிளக்கு விஷயம்.