பேருந்தில் பிரித்த போர்வை

விழுப்புரத்தில் ப்ளஸ் டூ முடித்த கையோடு தையல் வகுப்பில் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் டைப்ரைட்டிங் போகாத பெண்ணே கிடையாது. எனக்கோ அந்த டக் டக் சத்தம் சீக்கிரமே அலுத்துவிட்டது. அப்பா ஒரு பழைய மிதி மிஷினை வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து ஒரு வருஷம், எங்கள் வீட்டில் உறையில்லாத பொருள் எதுவும் மிஞ்சவில்லை. ரேடியோவுக்கு உறை, தலையணைக்கு உறை, மிக்ஸிக்கு உறை. "அடுத்தது எனக்குத்தான்" என்று அப்பா பயந்தார். முதல் ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டினேன். அம்மா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் கையத் தூக்குனா அந்தக் கையும் சேந்து வருதுடி" என்றாள்.

இதெல்லாம் சிரிப்பு. அந்த வருஷத்தை நான் மறக்காததற்குக் காரணம் ஒரு சின்னப் போர்வை.

அக்காவைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தது. முந்தின பிரசவம் எங்கள் வீட்டில் நடந்தது. குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. வயிற்றில் இருந்தபோதே அக்கா ஆசையாய் ஒரு சின்னச் சட்டை தைத்து வைத்திருந்தாள். பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்குத் துணி தைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாய்விட்டு யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அம்மா மட்டும் அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு போனாள். என்ன செய்தாள் என்று இன்றுவரை தெரியாது.

இந்த முறை மாமியார் வீட்டிலேயே பிரசவம் என்று முடிவானது. வளைகாப்புக்குத் திண்டிவனம் போனபோது அக்கா என்னைத் தனியாகக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். வளையல் சத்தம் கேட்காமலிருக்க ஒரு கையால் மறு கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கொழந்தைக்கு ஒரு போர்வ தைச்சுக் குடுடி."

"ஐயோ, அம்மா கொன்னுடும் அக்கா."

"ஒரு துணிகூட இல்லாம உக்காந்துகினு இருந்தா, இதுவும் வராதுன்னு நானே முடிவு பண்ணிட்ட மாதிரி இருக்குதுடி."

மூடநம்பிக்கையைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் பேசிக் கைதட்டு வாங்கியவள் நான். சரி என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான், அம்மா எடுத்துக்கொண்டு போன அந்தச் சின்னச் சட்டை நினைவுக்கு வந்தது.

என் பழைய பாவாடை, அப்பாவின் சட்டை, அக்கா பள்ளிக்குப் போட்ட தாவணி, எல்லாவற்றையும் சதுரமாக வெட்டி ஒட்டுப் போட்டேன். உள்ளே மெத்தென்று இருக்க, பெட்டியின் அடியில் கிடந்த அப்பாவின் பழைய வேட்டியை மடித்து வைத்துத் தைத்தேன்.

"இன்னாடி அது, பூம்பூம் மாட்டுக்காரன் துணி மாதிரி?" என்றாள் அம்மா.

"மிஷினுக்கு உறைம்மா."

"மிஷினுக்குக் குளுருதா?"

தைக்கத் தைக்கப் பயமும் கூடிக்கொண்டே போயிற்று. ஒருநாள் ஊசி உடைந்தது. ஊசி என்றால் உடையத்தான் செய்யும் என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

போர்வை முடிந்து, எப்படித் திண்டிவனம் சேர்ப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அம்மா பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பழைய வேட்டி எங்கடி? கொழந்தையச் சுத்தறதுக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்."

"நீ மட்டும் முன்னாடியே எடுத்து வெக்கலாமா?"

என் வாய் முந்திக்கொண்டது.  அம்மா மிஷின்மேல் கிடந்த போர்வையை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாருக்கு என்பதும்தான்.

"எல்லாம் பழசும்மா. ஒரு முழம்கூடப் புதுசு இல்ல."

"துணி பழசு. தையல் புதுசு இல்லையா?"

போர்வையை என் மடியில் போட்டாள்.

"பிரி" என்றாள்.

நான் பிளேடைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தெருவில் போன் வைத்திருந்த மளிகைக் கடைக்காரர் வாசலில் வந்து கத்தினார். "ஏம்மா, திண்டிவனத்துலருந்து போன். பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிட்டாங்களாம். ஜல்தி கெளம்புங்க!"

அம்மா சேலைகூட மாற்றவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்ததும் போர்வையை மடியில் விரித்து நகத்தால் நூலை நெம்ப ஆரம்பித்தாள். வராத இடத்தில் பல்லால் கடித்தாள்.

"ஏன்டி இவ்ளோ நெருக்கமா தைச்சே?"

"பிரியக் கூடாதுன்னுதான்."

முண்டியம்பாக்கத்தில் கரும்பு வண்டிகள் வழியை அடைத்து நின்றன. பஸ் அசையவில்லை. அம்மாவின் நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. அதைப் பார்க்காமலிருக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன், முடியவில்லை. கிளம்பும்போது பையில் போட்டிருந்த பிளேடை எடுத்து மறு ஓரத்திலிருந்து நானும் அறுக்க ஆரம்பித்தேன். நம்பிக்கையெல்லாம் வந்துவிடவில்லை. ஆனால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அதில் ஒரு தையலும் மிச்சம் இருக்கக் கூடாது என்று வேகவேகமாக அறுத்தேன்.

"டெய்லர் கெடுத்துட்டானா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"ஆமாங்க" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

விக்கிரவாண்டி தாண்டியும் முடியவில்லை. திண்டிவனத்தில் இறங்கும்போது பாதிதான் பிரிந்திருந்தது. அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் அக்காவின் மாமியார் நின்றிருந்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.  நான்தான் கேட்டேன்.

"என்னங்க ஆச்சு?"

"இன்னும் இன்னா நின்னுகினு கீறீங்க, போய்ப் பாருங்க. பொண்ணு. போன் லைன் கெடைக்கறதுக்குள்ளயே பொறந்துடுச்சு. அத உங்களுக்குச் சொல்லலையா அந்தக் கடக்காரரு?"

அம்மா பையோடு அவரைத் தாண்டிப் போனாள்.

உள்ளே அக்காவின் பக்கத்தில் அது கையை முறுக்கிக்கொண்டு கிடந்தது. சிவப்பு. கோபம். அம்மா பையிலிருந்து வேட்டியை உருவ, அதோடு சேர்ந்து ஒட்டுத்துணிகளும் கட்டிலில் கொட்டின. அக்கா அவற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா பஸ்ஸுல பூரா இதத்தான் பிரிச்சுக்கினு வந்துச்சு" என்றேன். "ஆனா இது பொறக்கும்போது ஒரு தையல்கூடப் பிரியல. முழுசாத்தான் இருந்துது. இப்ப நீ இன்னா சொல்றேம்மா?"

அம்மா குழந்தையை வேட்டியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "பிரிக்கணும்னு நான் காலையிலயே மனசுல நெனச்சுட்டேன். அது உனக்குத் தெரியுமா?"

அக்கா சிரித்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாள்.

"சிரிக்க வெக்காதீங்க. தையல் போட்டிருக்காங்க, இழுக்குது."

அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்து, பஸ்ஸிலிருந்தே என் கையில் இருந்த பிளேடைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.